லூர்து மேரியின் மூன்று ஓலை

1963 நவம்பரில் மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து, தாராவித் தமிழ்க் கிறிஸ்தவர்கள் போகிற கோவிலில், தாளில் எழுதியிருந்த மாப்பிள்ளை பெயர் வாசித்தவர் வாயிலிருந்து வரவில்லை. அதற்குப் பதில் சேசம்மாள் என்ற பெயர் வந்தது. அந்த மாதம் குழாயில் தண்ணீர் காலை ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை வந்தது. வெங்காயம் விலை ஏறியிருந்தது.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அறிவித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பதைத்தான் ஓலை வாசிப்பது என்பார்கள். இந்த ஓலை தோல் கிடங்கில் வேலை பார்த்த லூர்து மேரிக்காக அவள் அண்ணன் அமிர்தநாதன் கொடுத்தது. மாப்பிள்ளை கோவண்டியில் இருந்த மரியஅந்தோணி, பெண்சாதியை இழந்தவர். மேரிக்கு வயது முப்பத்தொன்று. அவளும் சேசம்மாளும் ஒன்பது வருஷமாக ஒரே அறையில் இருந்தார்கள். ஆட்டுத்தோலுக்கு உப்புத் தடவித் தடவி இருவர் விரல்களும் ஒரே மாதிரி வெடித்திருந்தன. சாயங்காலம் ஒருத்தி கைக்கு மற்றவள் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள். அவர்கள் ஒருவருக்கொருவர் யார் என்று சந்தில் எல்லாருக்கும் தெரியும். கதவு சாத்தியிருந்தால் தட்டிவிட்டு நிற்பார்கள், அவ்வளவுதான். அம்மை போட்ட மூன்று வீட்டில் சொந்தக்காரர்களே உள்ளே வராதபோது இவர்கள்தான் கஞ்சி ஊட்டினார்கள். அதனால் யாரும் வாயைத் திறந்ததில்லை. அமிர்தநாதன் கோவில் கமிட்டிக்குச் செயலாளர் ஆன வருஷம்தான் அது பாவமாயிற்று.

அந்த ஆகஸ்ட் மாதாத் திருநாள் பூசையில் நன்மை என்கிற நற்கருணை அப்பம் வாங்கப் பீடத்துக் கிராதியருகே முழந்தாளிட்டு நாக்கை நீட்டியிருந்த இரண்டு பேரையும் பாதர் மஸ்கரேனாஸ் தாண்டிப் போனார். கமிட்டி சொல்லியிருந்தது. அதே பூசையில், முந்தின நாள் பெண்டாட்டி கையை ஒடித்தவனுக்கு நன்மை கொடுத்தார். சுனாபட்டியில் இரண்டாம் குடும்பம் வைத்திருந்தவனுக்கும் கொடுத்தார். ஒடிந்த கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அந்தப் பெண்டாட்டியும் பூசைக்கு வந்திருந்தாள். அதைக் கமிட்டி பாவம் என்று சொல்லவில்லை, குடும்ப விஷயம் என்றது. கர்த்தருடைய சரீரத்துக்கு யார் தகுதி என்று கமிட்டியில் ஏழு ஆண்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். ஏழு பேரில் ஒருவராவது அம்மை போட்ட வீட்டு வாசல்படி ஏறியவர் இல்லை.

இரண்டு பேரையும் பிரிக்க ஒரே வழி மேரிக்குக் கல்யாணம் என்று அமிர்தநாதன் தீர்மானித்தார். பாதர் கோவாக்காரர், தமிழ் அரைகுறை. பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டபோது, “அவ வாயாலயே சொன்னா பாதர்,” என்று அமிர்தநாதனே சம்மதம் சொல்லிவிட்டார். மேரிக்கு விஷயம் தெரிந்தது முதல் ஓலைக்கு முந்தின நாள்தான்.

“எனக்கு வேண்டாம்ணே,” என்றாள்.

“ஒனக்கு வேணுமா வேண்டாமான்னு யாருட்டி கேட்டா? கல்யாணம் முடிஞ்சா கோவண்டி. அதுக்கப்புறம் அவ மூஞ்சில முழிக்கப்பிடாது.”

சேசம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். அன்று வீட்டில் சோறு பொங்கவில்லை.

உபதேசியார் லாசர் இருபது வருஷமாக ஓலை வாசிப்பவர். முதல் ஞாயிறு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “சூசையின் மகள் லூர்து மேரிக்கும், ஞானமுத்துவின் மகள் சேசம்மாளுக்கும்,” என்று வாசித்தார். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். கண்ணாடியைத் துடைத்து மறுபடி வாசித்தார். மறுபடியும் சேசம்மாள்தான் வந்தாள். அடுத்த வாரம் முழுக்க அவர் தண்ணீர் வரிசையில் நின்று மரியஅந்தோணி, மரியஅந்தோணி என்று சொல்லிப் பழகினார். அங்கே பெயர் சுத்தமாக வந்தது. பக்கத்தில் நின்ற மன்சூர் அலி, “என்ன உபதேசியாரே, ஆளக் காணோமா? போலீஸ்ல எழுதிக் குடுங்க,” என்றார். இரண்டாம் ஞாயிறு பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார்கள். கோவிலுக்குள் வாயைத் திறந்ததும் சேசம்மாள் என்றே வந்தது. லாசருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டார் என்று அவர் மனைவி சொன்னாள்.

மூன்றாம் ஞாயிறு லாசரை உட்காரச் சொல்லிவிட்டு அமிர்தநாதனே வாசித்தார். அவருக்கு மில் சங்கு மாதிரி குரல். தங்கை பெயரையும் சேசம்மாள் பெயரையும் சேர்த்து ஏழு முறை வாசித்தார், ஒவ்வொரு முறையும் முன்னைவிடச் சத்தமாக. தாளைக் கிழித்துவிட்டு மனப்பாடமாகவும் சொல்லிப் பார்த்தார். எதிரே டீக்கடை வைத்திருந்த பிரம்மநாயகம் கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, சந்து பூரா கேட்டாச்சு. எறங்கி வாங்க, டீ ஆறுது,” என்றார்.

பாதர் காதில் விழுந்த பெயர்களை மூன்று வாரமாகப் பதிவேட்டில் எழுதியிருந்தார். தமிழ் அரைகுறை என்றாலும் பெயர்கள் புரிந்தன. முறைப்படி தடை உண்டா என்று கேட்டார். அமிர்தநாதன் உண்டு என்றார். பாதர் புத்தகத்தைத் திறந்து வரிசையாகக் கேட்டார். இரத்த உறவா? இல்லை. முன்னமே கல்யாணம் ஆனவர்களா? இல்லை. ஞானஸ்நானம் பெறாதவர்களா? இரண்டு பேருக்கும் உண்டு. கட்டாயப்படுத்தியிருக்கிறதா? அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து லூர்து மேரி எழுந்தாள். பூசையில் ஒரு பெண் எழுந்து பேசுவது அந்தக் கோவிலில் அதுவரை கிடையாது.

“தாள்ல இருந்ததுக்குத்தான் கட்டாயம் பாதர். வாயில வந்ததுக்கு இல்ல.”

“ரெண்டும் பொம்பளையில்லா பாதர்,” என்றார் அமிர்தநாதன். குரல் உடைந்திருந்தது.

“எனக்கும் கண் இருக்கு,” என்றார் பாதர். புத்தகத்தை மூடினார். மேலிடத்துக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னார். எழுதினார், பதில் வரவில்லை. மரியஅந்தோணி கோபப்படவில்லை. பெண்ணுக்குச் சம்மதம் என்று அவரிடமும் பொய்தான் சொல்லியிருந்தார்கள். “எம்பேரே வராத ஓலைக்கு நான் எப்படி மாப்பிள்ளை ஆவேன்,” என்று சொல்லிவிட்டுக் கோவண்டிக்கு பஸ் ஏறினார்.

மேரி அறையை விட்டுப் போகவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் இருவரும் கிராதியருகே முழந்தாளிட்டபோது பாதர் தாண்டித்தான் போனார். அதற்கடுத்த ஞாயிறும் தாண்டினார். மாற்றலாகிப் போகிறவரை ஐந்து வருஷம் தாண்டினார். இருவரும் ஐந்து வருஷமும் நாக்கை நீட்டினார்கள். அதற்கு எந்த அதிசயமும் நடக்கவில்லை. கை ஒடித்தவனுக்கு ஒரு வாரம்கூட நன்மை தவறவில்லை. தாராவியில் ஓலை கொடுக்கிறவர்கள் மட்டும் அதற்குப் பிறகு பெண்ணைத் தனியே கூப்பிட்டு, ஒனக்குச் சம்மதமா, மனசுல வேற யாரும் உண்டா என்று இரண்டு தடவை கேட்டார்கள். வாசிக்கும்போது என்ன பெயர் வருமோ என்கிற பயம். இரக்கத்தால் கேட்காதவர்கள் பயத்தாலாவது கேட்டார்கள்.

1968இல் நாகர்கோவில் பக்கத்திலிருந்து புதுச் சாமியார் வந்தார். பழைய பதிவேடுகளைச் சரிபார்க்கையில் ஓர் இடத்தில் விரலை வைத்து, மூன்று ஓலையும் வாசித்திருக்கிறதே, தடை எதுவும் எழுதவில்லையே, இந்தக் குடும்பம் இன்னும் இங்கேதான் இருக்கிறதா என்று கேட்டார். லாசர் குனிந்து பார்த்தார்.

“இப்ப வேலைக்குப் போயிருப்பாவ சாமி,” என்றார். “ஆறு மணிக்கு மேல போனியன்னா ரெண்டு பேரும் வீட்ல இருப்பாவ.”