ஆகட்டும் சார் சம்மதம் கொடுத்த ஹார்டு டிஸ்க்

ஆபீசில் இருந்த காலம் முழுவதும் அவருக்கு ஒரே வேலைதான். மேசைக்கு வரும் கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 'ஆகட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. மற்றப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்பது கீழே இருப்பவர்களின் கவலை. மேலே இருந்தவர்களும் அப்படியேதான் செய்தார்கள் என்பதால் ஒரு குறையும் தெரியாமல் ஓடிவிட்டது. ஓய்வு பெற்றபோது 'ஆகட்டும் சார்' என்ற பெயரும் அவரோடு வீட்டுக்கு வந்தது. வீட்டில் சும்மா இருக்க முடியுமா? குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆகிவிட்டார்.

தெருவில் தண்ணீர் வராமல் போனபோது டிவிக்காரர்கள் வந்து அவர் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினார்கள். அவர் குழாய் பதித்த நாளிலிருந்து ஆரம்பித்தார். மைக் பிடித்த பெண் கை மாற்றிப் பிடித்தாள். மறுபடியும் மாற்றினாள்.

"ஞாயித்துக்கிழமை டிவில வரும் சார். எப்பன்னு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வந்து போய்விட்டால்? பிள்ளைகள் பார்க்க வேண்டாமா, பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டாமா? டிவியோடு இணைந்த பெட்டியில் பதிவு செய்யும் வசதி இருந்தது. ஹார்டு டிஸ்க் ஒன்றைச் சொருகினால் போதும்.

அந்த வீட்டில் ஹார்டு டிஸ்குக்கா பஞ்சம்! மருமகள் கல்யாண வீடியோ எடுப்பவள். அப்போது அவள் கையில் இருந்தது அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. ஆகட்டும் சாரின் பழைய மேலதிகாரி வீட்டுக் கல்யாணம். "நம்ம மருமகதான் எடுக்கணும்" என்று இவரே போய்ப் பேசி வாங்கிக் கொடுத்தது. அந்த மேடையில் இவரும் ஏறி ஒரு வாழ்த்துரை வழங்கினார். பந்தியில் சோறு ஆறும்வரை வழங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வேறொரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். கேமரா கார்டுகளில் இருந்ததை அழித்துவிட்டு அவற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மேலதிகாரி வீட்டுக் கல்யாணம் முழுவதும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்பு டிஸ்குக்குள் அவளுடைய மேசைமேல் கிடந்தது. இரண்டாவது பிரதிக்கு வாங்கச் சொல்லியிருந்த டிஸ்க் இன்னும் வந்து சேரவில்லை.

இவர் அதை எடுத்துச் சொருகினார். திரையில் நீளமாக ஏதோ வந்தது. பழக்கதோஷம், கடைசி வரிக்கு நேராகப் போனார். 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டங்கள்.

"என்னங்க, இவ்வளவு எழுதியிருக்கே, படிச்சீங்களா?" என்றாள் மனைவி.

"எல்லாம் வழக்கமான வாசகம்தான்" என்று சொல்லி 'சரி'யை அழுத்தினார்.

அந்த வாசகம் என்னவென்று நானாவது சொல்லிவிடுகிறேன். 'இந்த டிஸ்க் இந்தப் பெட்டிக்கு மட்டும் ஏற்றபடி மாற்றப்படும். இதில் உள்ளவை எல்லாம் அழியும். சம்மதமா?' பாவம், அந்தப் பெட்டி ஒளிவுமறைவில்லாமல்தான் கேட்டது.

எப்போது வரும் என்று தெரியாததால் காலையிலிருந்தே பதிவைப் போட்டுவிட்டார். சமையல், ஜோசியம், மூட்டுவலித் தைலம் எல்லாம் பதிவாயின. சாயங்காலம் டிவியில் அவர் வந்தார். வாயைத் திறந்து "இந்தக் குழாய்..." என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த மைக் பெண்ணின் குரல் ஓட, திரையில் காய்ந்த குழாய் ஒன்று நின்றது.

"உங்களவிடக் குழாய் நல்லா வந்திருக்கு" என்றாள் மனைவி.

மறுநாள் காலை மருமகள் டிஸ்கை லேப்டாப்பில் சொருகினாள். படிக்க முடியவில்லை என்றது. கழற்றிச் சொருகினாள். ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது.

பின்னால் காப்பி டம்ளரோடு நின்றிருந்தவர், "அதான் கேக்குதேம்மா, சரின்னு குடுத்துடு" என்றார்.

அவள் மெல்லத் திரும்பினாள். "மாமா, இத எங்கயாவது சொருகினீங்களா?"

"டிவியிலதான். கொஞ்ச நேரம்."

"அது ஏதாவது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. சம்மதம் குடுத்தேன்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "மாமா, அந்தப் பெட்டி தன் இஷ்டத்துக்கு டிஸ்க மாத்திக்கும். அப்புறம் அது எழுதினது கம்ப்யூட்டருக்குப் புரியாது. உள்ள உங்க ஆபீசர் வீட்டுக் கல்யாணம் இருந்துச்சு. வேற காப்பி இல்ல. வெள்ளிக்கிழமை குடுக்கணும். என்ன பண்ணச் சொல்றீங்க? திரும்பத் தாலி கட்டச் சொல்லவா?"

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். இந்த வேலை கெட்டால் அடுத்த வேலை அவளுக்கு யார் கொடுப்பார்கள்?

சேதி கசிந்து சங்க உறுப்பினர்கள் யோசனையோடு வந்தார்கள். டிஸ்கை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார் ஒருவர். வெயிலில் வைக்கச் சொன்னார் இன்னொருவர். இரண்டையும் பரிசீலிக்க அவசரக் கூட்டம் போடலாமா என்று நம் செயலாளர் கேட்டார். மருமகள் ஒரு பார்வை பார்த்தாள். பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டார்.

"அதுல இனி யாரும் எதையும் எழுதக் கூடாது, தொடக் கூடாது. மேல எழுதாத இடத்துல பழசு அப்படியே இருக்கும். தோண்டி எடுக்க மென்பொருள் இருக்கு. வர்றது வரட்டும்" என்றாள்.

தோண்டல் நாள்கணக்கில் நடந்தது. இவர் பக்கத்து நாற்காலியைவிட்டு அசையவில்லை. சொந்தக் கையால் டீ போட்டுக் கொண்டுவந்து, லேப்டாப்புக்கு எட்டாத தூரத்தில் வைத்தார்.

"நீங்க போய்ப் படுங்க மாமா. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு."

"இல்லம்மா. அது ஏதாவது கேட்டா..."

"அதுக்குத்தான் போங்கன்றேன்."

ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெயரில்லாத துண்டுகள். மணப்பெண் படியிறங்குவது வந்தது. தாலி கட்டியது வந்தது. பெண்ணின் அப்பா தூண் மறைவில் கண்ணைத் துடைத்துக்கொண்டது வந்தபோது, ஆகட்டும் சாரும் துடைத்துக்கொண்டார். பிறகு படம் சிதைந்து கொஞ்சம் பச்சை நிறக் கட்டங்கள். அதற்குப் பிறகு பந்தி.

மருமகள் தயங்கினாள். "எல்லாம் வந்துடுச்சு மாமா. உங்க வாழ்த்துரை மட்டும் வரல. அது இருந்த இடத்து மேலதான் நீங்க டிவியப் பதிஞ்சிருக்கீங்க."

"முழுசுமா?"

"முழுசும்."

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஒரு ஆள் தன் வாயத் தானே பொத்திக்கிட்ட கதைய இப்பதான் கேக்குறேன்!"

அவர் சிரிக்கவில்லை. ஆபீசர் கண்டிப்பாகக் கேட்பாரே! உங்கள் பேச்சு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? பொய் சொன்னால் அவள் தொழிலுக்குக் கேடு. உண்மை சொன்னால் தன் மானத்துக்குக் கேடு. உண்மையையே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். ஒரு விஷயத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை யோசித்து அவர் முடிவெடுத்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை வீடியோ போனது. மறுநாள் ஆபீசர் போன் செய்தார். அவசரமாக எடுத்ததில் ஸ்பீக்கரும் சேர்ந்து ஆன் ஆகிவிட்டது.

"சார், அந்த வீடியோல ஒரு விஷயம்..." என்று இவர் ஆரம்பித்தார்.

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்! உங்க மருமக கெட்டிக்காரிய்யா. நடுவுல ஒருத்தர் பேசினாரு பாருங்க, முடிவே இல்லாம? அத மொத்தமா வெட்டி எடுத்துட்டாங்க. வீட்ல எல்லாரும் கை தட்டுறாங்க. நான் அப்ப வாசல்ல நின்னேன், ஆள் தெரியல. ஆமா, அது யாரு பேசினது?"

ஆகட்டும் சார் வாயைத் திறந்தார். டிவியில் திறந்த அதே வாய்.

மருமகள் அவர் தோளில் கை வைத்து, போனுக்கு நேரே குனிந்தாள்.

"யாராயிருந்தா என்ன சார்? அவங்க சம்மதத்தோடதான் எடுத்தது."