கை சொல்லிக்கொடுத்தது

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. தெருக்களில் அவள் மைக்கக்கா. சுகாதார நிலையத்தில் பதினோரு வருஷ வேலை. வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும், பத்துப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்துச் செய்துகாட்ட வேண்டும், வண்டியில் ஒலிபெருக்கி கட்டித் தெருத் தெருவாகக் கத்த வேண்டும். தனிநபர், குழு, சமூகம் என்று பயிற்சி வகுப்பில் இதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர் சொன்னார்கள். மூன்றிலும் வலிப்பது ஒரே தொண்டைதான். "எங்க வீட்டுல மைக் இல்லாமலே எட்டு வீட்டுக்குக் கேக்கும்" என்பான் அவள் கணவன்.

செய்துகாட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைப் பொடிப் பாக்கெட்டை எடுத்து இரண்டு விரலால் சுண்டுவாள், ஓரத்தைக் கிழிப்பாள், கடைசித் துகள்வரை தட்டிக் கொட்டிக் கலக்குவாள். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். "ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணி. வயித்துப்போக்குன்னா பயப்படாதீங்க, கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க." கூட்டம் தவறாமல் ஒருத்தி முதல் ஆளாக வந்து முன்னால் உட்காருவாள். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய். இளையதை மடியில் போட்டுக்கொண்டு, கண் இமைக்காமல் பார்ப்பாள். மைக்கக்கா அவளுக்கு முன்வரிசை என்றே பெயர் வைத்திருந்தாள்.

அந்த இளைய குழந்தைதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வலிப்போடு வந்து சேர்ந்தது. ஒரு வயது. மைக்கக்கா வார்டுக்கு ஓடியபோது டாக்டரம்மா முன்வரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வயித்துப்போக்கு எப்ப ஆரம்பிச்சுது?"

"நேத்து விடியக்காலைல. உடனே ஓஆர்எஸ் குடுத்தேன். குடிக்கக் குடிக்க தாகம் அடங்காம அழுதா. இதோட அஞ்சு பாக்கெட்."

"ஒரு பாக்கெட்டுக்கு எவ்வளவு தண்ணி?"

முன்வரிசை பக்கத்துக் கட்டிலில் இருந்த டம்ளரை எடுத்துக் காட்டினாள். காட்டியதோடு நிற்கவில்லை. இல்லாத பாக்கெட்டை இரண்டு விரலால் சுண்டி, ஓரத்தைக் கிழித்து, டம்ளருக்குள் தட்டிக் கொட்டிக் கலக்கினாள்.

அது மைக்கக்காவின் விரல். அவளுடைய டம்ளர்.

ஒரு லிட்டர் ஜக் ஒன்று கோடு போட்டு அவளுக்குக் கொடுக்கப்பட்டுத்தான் இருந்தது. பட அட்டை, மைக், பதிவேடு இத்தனையோடு அதையும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அல்லாடுவானேன் என்று ஒருநாள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். மறுவாரம் ஜக் குளியலறைக்குக் குடிபோய்விட்டது. அப்புறம் கூட்டம் நடக்கிற வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, அதில் கலக்கிக் காட்டினாள். காட்டத்தானே, யார் குடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். வாய் லிட்டர் என்றது, கை டம்ளரில் கொட்டியது. வாயை நம்பாமல் கையை நம்பியவளை என்ன சொல்வது.

"இவ்வளவு உப்பு உள்ள போனா மூளை தாங்குமா? பாக்கெட்லயே எழுதியிருக்கே" என்ற டாக்டரம்மா, மைக்கக்கா பக்கம் திரும்பினார். "என்னம்மா, நீங்க சொல்லித்தரலையா?"

"நல்லா சொல்லித்தான் குடுத்தேன் மேடம். ஒரு லிட்டர்னு."

முன்வரிசை பரீட்சையில் தவறிய பிள்ளை போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் குழந்தை போய்விட்டது.

ஜக் இல்லாமல் எத்தனை கூட்டம் நடத்தினோம் என்று பதிவேட்டைப் புரட்டினாள் மைக்கக்கா. நாற்பத்திமூன்று. அன்று மாலையே வண்டியைக் கிளப்பி, "டம்ளர்ல கலக்காதீங்க, ஒரு லிட்டர் தண்ணில கலக்குங்க" என்று தெருத் தெருவாகக் கத்தினாள். பதினோரு வருஷமாகக் கேட்ட குரல்தானே. இரண்டு மூன்று ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. ஒரு கடைக்காரர் மட்டும் வெளியே வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

பத்து நாள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டுவிட்டார். "அந்தம்மாவுக்கு இன்னொரு குழந்தை இருக்கில்ல. வீட்டுக்குப் போய் தனியா உக்காரவெச்சு சொல்லிக்குடுங்க." அதற்கும் ஒரு படிவம் இருந்தது.

ஜக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சோப்பு வாசனை போகவே இல்லை.

முன்வரிசை கதவைத் திறந்து, உட்காரச் சொன்னாள். தொட்டில் கட்டியிருந்த கொக்கி மொட்டையாகத் தொங்கியது. மூத்தவள் சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தாள். மைக்கக்கா உட்காரவில்லை. வழியெல்லாம் சேர்த்துவைத்த தைரியம் உட்கார்ந்தால் வடிந்துவிடும் என்று பயந்தாள்.

"நீ எந்தத் தப்பும் பண்ணலம்மா. நான்தான் தப்பாக் காட்டினேன். டம்ளர்ல கலக்கினது நான். நீ நான் செஞ்சத அப்படியே செஞ்ச. உன் கொழந்த போனதுக்குக் காரணம் நான்தான்."

சொல்லிவிட்டாள். இனி அடிக்கட்டும், ஏசட்டும், தெருவே கேட்கும்படி அழட்டும் என்று நின்றாள். அதில் எது நடந்திருந்தாலும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

முன்வரிசை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க மாமியாரு, நாத்தனாரு, எல்லாரும் என்னைத்தான் சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் எனக்காகப் பழியை ஏத்துக்கறீங்க."

"ஆறுதலுக்குச் சொல்லல. நெஜமாத்தான் சொல்றேன்."

"அன்னிக்கே டாக்டரம்மாகிட்ட சொன்னீங்களேக்கா, நல்லா சொல்லித்தான் குடுத்தேன்னு. நான் பக்கத்துலதானே நின்னேன். எனக்குத்தான் புத்தி இல்ல, கேட்டும் மண்டைல ஏறல."

மைக்கக்கா மறுபடியும் சொன்னாள். ஜக் குளியலறையில் கிடந்ததைச் சொன்னாள், பஸ்ஸைச் சொன்னாள், நாற்பத்திமூன்று கூட்டத்தையும் சொன்னாள். முன்வரிசை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றைக்கூட நம்பவில்லை.

பிறகு ஜக்கை வாங்கி நடுவில் வைத்தாள். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெறும் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கக்கா. இந்தத் தடவை ஒழுங்காக் கவனிக்கறேன்."