அச்சுக்கு முன் ஒரு செத்தவீடு

விடிந்ததும் மரண அறிவித்தல் பார்க்காவிட்டால் அனோஜாவுக்குத் தேத்தண்ணி இறங்காது. ரொறன்ரோத் தமிழர்களுடையது முடிந்தால் வெள்ளைக்காரரின் பக்கத்துக்கும் போவாள். அந்தப் பொல்லாத பழக்கம்தான் அன்று அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

எர்வின் லாங்கர், வயது நூறு. ஜேர்மனியின் இரட்டை எஞ்சின் சண்டை விமானப் படையணி ஒன்றில் வானொலித் தொடர்பாளராக இருந்தவர். இறுதிச் சடங்கு அன்று காலை, றிச்மண்ட் ஹில்லில்.

பதினொரு வருடமாக அவள் எழுதிய வரலாறு அந்தப் படையணியைப் பற்றியதுதான். "எங்கடை தலையிலை குண்டு போட்ட பிளேனை விட்டிட்டு, உதென்ன ஜேர்மன்காரன்ரை பிளேன்?" என்று கணவன் அன்புராசா கேட்டுக் கேட்டே களைத்துவிட்டான். சின்ன வயதில் ஊரில் பங்கர்க் குழிக்குள் பதுங்கியிருந்து அண்ணாந்து பார்த்தபோதே, மேலே இருப்பவன் என்ன நினைக்கிறான் என்று அறியும் ஆசை அவளைப் பிடித்துவிட்டது.

புத்தகம் அன்று பகல் அச்சேற இருந்தது. 1944இல் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களை மறிக்கப் போன நாளில், லாங்கர் இருந்த விமானம் மட்டும் பயந்து பாதிவழியில் ஓடிவந்ததென்று அதில் எழுதியிருந்தாள். முந்தைய புத்தகங்களும் அப்படித்தான் சொல்லின. படையணியின் பதிவேடுகள் போர் முடிவில் எரிந்துபோயிருந்தன. லாங்கர் இத்தனை காலமும் பக்கத்திலேயே உயிரோடு இருந்தது அவளுக்குத் தெரியாது.

அழைப்பில்லாமல் செத்தவீட்டுக்குப் போகலாமா என்று எங்கள் சனம் யோசிப்பதில்லை. வெள்ளைச் சீலையைச் சுற்றிக்கொண்டு றிச்மண்ட் ஹில்லுக்குக் காரை விரட்டினாள்.

மண்டபத்தில் எட்டே பேர், எல்லாரும் கறுப்பில். லாங்கரின் மகள் வந்து யாரென்று விசாரித்தாள். அந்தப் படையணியின் வரலாற்றை எழுதுபவள் என்று அனோஜா சொன்னதும் அவள் முகம் இறுகியது. அப்பாவைக் கோழை என்று எழுதிய இன்னொருவரா என்று கேட்டாள். ஆமென்று சொல்ல அனோஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

படங்கள் அடுக்கிய மேசையில் இருந்த பழைய பறப்புக் குறிப்பேட்டை மகள் எடுத்து நீட்டினாள். எழுதியவர்கள் ஒருவரும் இதைத் தேடி வரவில்லை என்றாள். அனோஜா புரட்டினாள். அந்தத் திகதிக்கு நேரே ஒரு வரி: வலது எஞ்சின் நின்றது, திரும்பும்படி படையணித் தலைவர் உத்தரவு. பக்கத்தில் தலைவரின் கையொப்பம்.

வெளியே ஓடிவந்து அச்சகத்து அருள்நாயகத்துக்குப் போன் அடித்தாள்.

"அண்ணை, மெசினை நிப்பாட்டுங்கோ."

"ஓடத் தொடங்கீட்டுது பிள்ளை."

"நிப்பாட்டுங்கோ அண்ணை. ஒரு மனிசனைப் பற்றிப் பொய் எழுதிப்போட்டன்."

மறுமுனையில் மெசினின் இரைச்சல் அடங்கியது. துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. செத்தவீட்டு வாசல் என்பதால் அடக்கிக்கொண்டு, உள்ளே போய் மகளிடம் சொன்னாள்.

மகள் பெட்டியருகே குனிந்து ஜேர்மன் மொழியில் மெல்லப் பேசினாள். அனோஜாவின் ஜேர்மன் வாசிக்க மட்டும் கற்றது. ஆனாலும் இது விளங்கியது.

"அப்பா, நீங்கள் ஓடவில்லை என்று எழுதப் போகிறார்கள்."