கோளாறு எதுவும் இல்லை

அப்பாவுக்கு டயாலிசிஸ் செய்யும் மருத்துவமனை நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. எங்கள் பழைய காரோ சூடேறினால் நடுவழியில் நின்றுவிடும். ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். போன தடவை அப்படி நின்றதில் அவருடைய முறை தவறிப்போனது. மறுநாள் முகமெல்லாம் வீங்கி மூச்சுக்குத் திண்டாடினார். இன்னொரு முறை தவறினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் வாடகை வண்டியை நம்பினால் அவ்வளவுதான்.

மெக்கானிக் கையை விரித்துவிட்டார். அவரிடம் கொண்டுபோகும்போதெல்லாம் அந்தச் சனியன் சமர்த்தாக ஓடிக் காட்டியது. அவருடைய சோதனைக் கருவிக்கும் இந்த அரதப் பழசான மாடலுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவள். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறது. என்ஜினைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் தன் குறைகளை அதன் வழியாகத்தான் சொல்லும். என் லேப்டாப் அதைக் கேட்பதற்கு நடுவில் ஓர் இணைப்புக் கருவி வேண்டும், அவ்வளவே. அதை நானே செய்ய, சாப்பாட்டு மேசையில் சால்டரிங் கம்பியோடு உட்கார்ந்தேன். கழித்துப்போட்ட போர்டுகளிலிருந்து டிரான்சிஸ்டர்களைப் பிடுங்கினேன். காரின் மின்சாரம் அப்படியே உள்ளே போனால் லேப்டாப் காலி. அதைக் குறைத்துக் கொடுப்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமமே இருக்கிறது. முதலில் செய்தது புகைந்துபோனது. அடுத்தது பேசியது.

‘கோளாறு எதுவும் இல்லை’ என்றது திரை.

கடைக்குப் போகும் வழியில் கார் நின்று, ஆறக் காத்திராமல் கட்டி இழுத்துவந்த அன்றும் அதையேதான் சொன்னது. ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துத் திரும்ப ஒட்டினேன். அதே பதில். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்பா என் கையில் செத்துப்போகப் போகிறார் என்றே தோன்றியது.

அடுத்த டயாலிசிஸ் நாளில் லேப்டாப்போடு காரருகே போனபோது, அண்ணன் பானெட்டைத் திறந்து பேட்டரி வயரின் நட்டை ஸ்பேனரால் முறுக்கிக்கொண்டிருந்தான். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

“நீ உன் சாமான சொருகறதுக்கு முன்னாடி எப்பவும் கழட்டி மாட்டிடுவேன். அது ஷார்ட்டாகி என்ஜினோட கம்ப்யூட்டரும் போச்சுன்னா, அப்பாவ எப்படிக் கூட்டிட்டுப் போறது?”

பேட்டரியைக் கழற்றினால் அந்தக் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். பத்திரம் பத்திரம் என்று இவன் ஒவ்வொரு தடவையும் அதன் வாயைத் துடைத்துவிட்டு என்னிடம் அனுப்பியிருக்கிறான். வாயில் வந்தபடி திட்டினேன். அவன் தலைகுனிந்தபடி நட்டை முறுக்கி முடித்தான்.

அன்றைக்கும் துடைத்தாகிவிட்டது. இனி கார் மறுபடி ஒருமுறை நின்றால்தான் காரணம் தெரியும். ஆனால் அப்பா ஏற்கெனவே வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, அண்ணன் ஓட்டக் கிளம்பினோம். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, நின்றுவிடாதே என்று கெஞ்சியபடியே அது நிற்பதற்காகக் காத்திருந்தேன்.

மேம்பாலத்தின் உச்சியில் நின்றது. பின்னாலிருந்து ஹாரன் காதைக் கிழித்தது. திரையில் ஒரு புது வரி: என்ஜின் சுற்றுவதைக் கணக்கிடும் சென்சாரிலிருந்து சிக்னல் இல்லை. சூடேறினால் அது ஊமையாகிவிடுகிறது. அதைக் குளிரவைத்தால் கொஞ்ச தூரம் ஓடும் என்றேன். அண்ணன் பானெட்டைத் திறந்துவிட்டு, தண்ணீர், தண்ணீர் என்று கத்தினான். ரேடியேட்டரில் இருந்த தண்ணீரோ கொதித்துக்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் கடையா, குழாயா?

அப்பாவின் கையில் அவருடைய சின்ன பாட்டில் இருந்தது. அந்த நாள் முழுவதற்கும் டாக்டர் அனுமதித்த தண்ணீர். அதற்கு மேல் ஒரு வாய் கூடுதலாகக் கேட்டு எங்களோடு குழந்தை மாதிரிச் சண்டை பிடிப்பவர், இப்போது அதை என்னிடம் நீட்டினார்.

“முழுசா ஊத்தச் சொல்லும்மா.”

ஜன்னலருகே ஓடிவந்த அண்ணன் அதை வாங்கத் தயங்கினான். நான் பிடுங்கி அவன் கையில் திணித்தேன். ஒரு சொட்டு மீதி வைக்காமல் சென்சாரின் மேல் ஊற்றினான். ஆவி கிளம்பியது. நான் எட்டிச் சாவியைத் திருப்பினேன், என்ஜின் இருமி, பிடித்துக்கொண்டது.

அண்ணன் ஓடிவந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தான். மறுபடி நின்றால் ஊற்ற எங்களிடம் எதுவும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அப்பா வறண்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டிருந்தார்.

“இன்னும் ரொம்ப தூரமாம்மா?”

“வந்துட்டோம்ப்பா” என்றேன். பாதி வழிகூட வரவில்லை.