விதிமுறைப் பக்கத்தைத் திறந்தது யார்?

அமெரிக்காவின் டுலூத்தில், பனிமேல் கல்லை வழுக்கிவிட்டு ஆடும் கர்லிங் ஆட்டத்துக்கான எங்கள் கல்லூரி கிளப் நடத்தும் குளிர்காலப் போட்டியில், பதிவு செய்த அணிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. ஆட்கள் எங்கும் போகவில்லை. வழக்கம்போல் கேன்டீனில் பொரித்த சீஸ் தின்றுகொண்டிருந்தார்கள். டேட்டாபேஸில் அவர்கள் பெயர்தான் இல்லை.

பழி கைசா லெஹ்டினென் மேல் விழுந்தது. அழிக்கும் கடவுச்சொல் இரண்டே பேரிடம்தான் இருந்தது: கைசா, கிளப் தலைவன் ட்ரெவர். ட்ரெவரின் அணியும் காணாமல் போனதால் அவன் பாதிக்கப்பட்டவன். கைசாவின் அணி அசையாமல் இருந்ததால் அவள் குற்றவாளி. மதியக் கூட்டத்தில் அவளைப் போட்டியிலிருந்து நீக்குவதாக ஏற்பாடு. எங்கள் ஆட்டத்தில் நடுவர் கிடையாது. கல்லுக்கு முன்னால் பனியைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே போவோம்; ஓடும் கல்லில் யார் துடைப்பம் பட்டதோ அவரே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே ட்ரெவர் ஆதாரம் எதுவும் தேடவில்லை. அவள் ஒப்புக்கொள்வதற்காகக் காத்திருந்தான்.

"செய்யாததை எப்படிடா ஒத்துக்கறது?" என்றாள் கைசா. "ஆர்லோ, நீ சும்மாதானே இருக்க. வா, சர்வர் லாக்கைப் பார்க்கலாம்."

நான் சும்மா இருப்பது கல்லூரி முழுக்கத் தெரிந்த விஷயம். யார் வந்தார்கள், எதைத் திறந்தார்கள் என்று சர்வர் தானே எழுதிவைத்த வரிகளை இருவரும் படித்தோம். கைசாவின் கடவுச்சொல் எங்குமே பயன்படவில்லை. பதிவு செய்ததும் அணித்தலைவருக்குப் போகும் மெயிலில் 'ரத்து' என்றொரு இணைப்பு உண்டு. காணாமல் போன எல்லா அணியும் அதன் வழியாகவே அழிந்திருந்தது.

"அவங்களே ரத்து பண்ணிக்கிட்டாங்களா?"

"ட்ரெவருமா? கண்ணாடியப் பார்த்துக் கை தட்டிக்கறவன்டி அவன்."

கைசா ஒரு வரி மேலே போனாள். ரத்து செய்த அதே ஆசாமி, அதற்குச் சற்று முன் மைதானத்தின் வரைபடத்தையும் பிறகு விதிமுறைப் பக்கத்தையும் திறந்திருந்தான். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில்.

"ஆர்லோ, விதிமுறைப் பக்கத்தை யாராவது திறப்பாங்களா?"

"நம்ம கிளப்லயா? அதை எழுதினவனே திறந்ததில்ல."

"அப்போ இது மனுஷனே இல்லடா!"

இல்லைதான். ஆசாமியின் பெயரும் அந்த வரியிலேயே இருந்தது: கல்லூரி புதிதாகப் போட்ட மெயில் காவல் நிரல். உரியவர் பார்ப்பதற்கு முன்பே, வரும் மெயிலிலுள்ள எல்லா இணைப்புகளையும் திறந்து, ஆபத்து உண்டா என்று பார்ப்பது அதன் வேலை. எங்கள் மெயிலில் வரைபடம், விதிமுறை, ரத்து மூன்றுக்கும் இணைப்பு உண்டு; அதில் ரத்து இணைப்போ தொட்டாலே அணியை அழித்துவிடும். கைசா கல்லூரி முகவரி கொடுக்காமல் சொந்த முகவரி கொடுத்திருந்தாள், பிழைத்தாள்.

கூட்டத்துக்குப் பேராசிரியர் லிண்ட்குவிஸ்ட் தலைமை. கைசா உட்காரக்கூட இல்லை.

"ட்ரெவர், உன் டீமைத் திரும்பப் பதிவு பண்ணு. பண்ணிட்டு எல்லாரும் கையை மேசை மேல வைங்க. மேடம், நீங்களும்."

பதிவு செய்தான். திரையில் அவன் அணி வந்தது. எல்லோர் கையும் மேசை மேல். அணி போயிற்று.

"இன்னொரு தடவை," என்றார் பேராசிரியர். மறுபடியும் போயிற்று. மூன்றாம் முறை அவர் கேட்டது வெறும் ஆசைக்காக என்று நினைக்கிறேன்.

கைசா லாக்கைத் திரையில் போட்டு, காவல் நிரலின் பெயரைச் சுட்டிக் காட்டினாள்.

"சரிம்மா. தொட்டாலே அழிக்கிற அந்த இணைப்பை எழுதினது யாரு?" என்றார் பேராசிரியர்.

ட்ரெவர் மேசை மேலிருந்த தன் கைகளைப் பார்த்தான். "நான்தான் மேடம். ஒரே கிளிக்ல வேலை முடியணும்னு..."

"முடிஞ்சுதேப்பா."

நீக்கும் தீர்மானம் குப்பைக்குப் போனது. கைசா ட்ரெவரை எழுப்பிவிட்டு அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். பழைய பிரதியிலிருந்து எல்லா அணிகளையும் மீட்டாள். ரத்துக்கு முன் 'நிச்சயமா?' என்று கேட்கும் ஒரு பொத்தானை வைத்தாள். கூட்டம் கை தட்டியது.

"எங்க டீமும் வந்துருச்சா?" என்றான் ட்ரெவர், மெதுவாக.

"வந்துருச்சு. முதல் ஆட்டமே எங்களோடதான். வந்து சேரு."

சனிக்கிழமை அவனை அவள் பனித்தளத்தோடு சேர்த்துத் துடைத்தெடுத்தாள். வென்றவர் தோற்றவருக்கு குடிக்க முதல் குவளை பானம் வாங்கித்தருவது எங்கள் வழக்கம். கைசா இவ்வளவு சந்தோஷமாகக் காசு கொடுத்து நான் பார்த்ததே இல்லை.