பன்னிரண்டு பாகம் கயிறு

கயிறு படபடவென்று துடித்ததும் காளிச்சாமிக்கு அணை மறந்துபோனது. கிணறுதான் நினைவுக்கு வந்தது.

சித்தூருக்குக் கிழக்கே கிணறு வெட்டும் கூட்டத்தில் பதினெட்டு வருஷம் கயிறு பிடித்தவன் அவன். கீழே இருப்பவன் கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவன் கேள்வி கேட்கக் கூடாது. ஒரே மூச்சில் தூக்கிவிட வேண்டும். அடியில் கெட்ட காற்று நின்றுவிட்டால் ஆளுக்கு அதற்குமேல் நேரமில்லை. அவனுடைய பங்காளி சின்னையன் செத்ததே, மேலே நின்றவர்கள் "என்னப்பா?" என்று எட்டிப் பார்த்துப் பதிலுக்குக் காத்திருந்ததால்தான். அன்றைக்கு மேலே நின்றவர்களில் காளிச்சாமியும் ஒருவன்.

அதனால் இழுத்தான். படகின் விளிம்பில் காலை ஊன்றி, மாறி மாறிக் கைபோட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். இடையில் கயிற்றில் கட்டியிருந்த சிவப்புத் துணி முடிச்சு உள்ளங்கையில் இடித்தது. நிறுத்த வேண்டிய இடம் அது என்று கைக்குத் தெரிந்தது. கை நிற்கவில்லை.

பாவுலோஸ் சார் கொச்சிக்காரர். கப்பல் படையில் தண்ணீருக்கடியில் இறங்கி வேலை பார்க்கும் முங்காளியாக இருந்து வெளியே வந்தவர். முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு, அணையில் முங்கிப்போன காட்டு மரங்களைப் பார்ப்பதற்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் மலையேறி வருவார். எஸ்டேட் சின்னத்தொரை அவருடைய சிநேகிதர். படகு எஸ்டேட் படகு, ஓட்டுவது சுவக்கீன். காளிச்சாமி அணைக்குச் சுரங்கம் வெட்ட வந்து, வேலை முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் எஸ்டேட்டில் தங்கிப்போனவன். கயிறு பிடிக்கத் தெரிந்தவன் என்று அவனைக் கூட்டி வந்தார்கள். காசு கொடுத்து யாராவது செத்த மரத்தைப் பார்க்க வருவானா என்று சுவக்கீனும் அவனும் பேசிச் சிரித்ததுண்டு.

முதல் நாளே சார் அவனை உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். "காளி, இது கிணறு இல்ல. இங்க இறங்குறதுல பயமில்ல, ஏறுறதுலதான் பயம். என் மூச்சுக் குமிழிய நீ முந்தக் கூடாது. சிவப்புத் துணி கைக்கு வந்தா நிறுத்து. ஒரு பீடி தீர்ற வரைக்கும் நிறுத்து." எட்டு ஞாயிறு அப்படியே செய்தான். எட்டு ஞாயிறும் கயிறு அமைதியாக இருந்தது.

சாருடைய தலை மேலே வந்தது. கண்ணாடிக்குள் கண் திறந்திருந்தது. வாயிலிருந்து ரப்பர் குழாய் நழுவ, பின்னாலேயே நுரை வந்தது. இளஞ்சிவப்பு நுரை.

"மாதாவே! ரத்தம்லா வருது!" சுவக்கீன் இன்ஜினை விட்டுவிட்டு ஓடிவந்தான். இரண்டு பேருமாகத் தூக்கிப் படகில் போட்டார்கள். காலில் மாட்டும் துடுப்பு ஒன்றைக் காணோம். மரக்கிளையில் சிக்கியிருக்க வேண்டும், கயிறு துடித்ததும் அதனால்தான்.

முன்பக்கம் தூண்டில் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சின்னத்தொரை அப்போதுதான் திரும்பினார். "எந்தா இது? வெள்ளம் குடிச்சோ? கமிழ்த்திப் போடு, வயறு அமுக்கு!"

சுவக்கீன் அமுக்கினான். தண்ணீர் வரவில்லை. நுரைதான் இன்னும் கொஞ்சம் வந்தது.

"அமுக்காதீங்ணா, சார் தண்ணி குடிக்கலீங்க," என்றான் காளிச்சாமி.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றான் சுவக்கீன்.

காளிச்சாமி ஈரக் கயிற்றைச் சுருட்டப் போனான். அவன் இழுத்ததை யாரும் பார்க்கவில்லை. தொரை மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவக்கீன் குனிந்து படகில் ஊறிய தண்ணீரை டப்பாவால் அள்ளிக்கொண்டிருந்தான். சொன்னால் போலீஸ். கொன்னுபோட்டான் என்பார்கள். எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். பெண்டாட்டி ராமாத்தாள் சட்டிபானையோடு எங்கே போவாள்?

கரைக்கு வந்து ஜீப்பில் ஏற்றுவதற்குள் சாருடைய வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கை தொங்கியது. கண் மட்டும் அசைந்து அசைந்து எதையோ தேடியது. சாருடைய தலை காளிச்சாமியின் மடியில் இருந்தது. அந்தக் கண் தன்னிடம் வந்து நிற்கும்போதெல்லாம் அவன் வெளியே பார்த்தான்.

அடிமாலி முக்கில் தொரை வண்டியைப் பள்ளிவாசல் பக்கம் ஒடித்தார். மேலே எஸ்டேட் ஆஸ்பத்திரி இருந்தது. வளைவு ஏற ஏற சாருடைய மூச்சு மாறியது. இழுப்பு நீளமாகி, நடுவில் அறுந்து, மறுபடி வந்தது. மூன்றாவது வளைவில் உடம்பு முழுக்க ஒரு வெட்டு வெட்டியது.

போன மாதம் கரையில் பாலில்லாத கட்டஞ்சாயா குடிக்கும்போது சார் சொன்னது அப்போதுதான் காளிச்சாமியின் மண்டையில் உறைத்தது. வேகமாக மேலே வந்தால் உடம்புக்குள் காற்று முட்டை முட்டையாக அடைத்துக்கொள்ளும், மலையேறினால் அது இன்னும் வீங்கும், எனக்கு என்னவாவது ஆனால் கீழே கொண்டுபோ, கொச்சியில் படைக்காரர்களிடம் இரும்பு அறை இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இவனும் தலையாட்டிவிட்டுச் சாயாவைக் குடித்தான்.

"வண்டிய நிறுத்துங்க தொரை."

"வாந்தி வருதா? வெளிய எடுடா!"

"நிறுத்துங்க! மேல போனா சார் செத்துப்போவாருங்க. கீழ போகோணும், கொச்சிக்கு. சாரே சொல்லியிருக்காருங்க."

"பைத்தியமா உனக்கு? கொச்சிக்கு மூணு மணிக்கூர் ஆகும். ஆஸ்பத்திரி இதா, பதினஞ்சு நிமிஷம். வெள்ளம் குடிச்ச ஆள வெச்சுட்டு..."

"தண்ணி குடிக்கலீங்க தொரை! நாந்தானுங்க..." சாருடைய தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "நாந்தானுங்க வேகமா இழுத்துப்போட்டேன். துணி முடிச்சு கைல பட்டுதுங்க. நிக்காம இழுத்தேனுங்க."

ஜீப் நின்றது. சுவக்கீன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். "அடப் பாவி மனுசா, படகுலயே சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதாவே?"

தொரை இறங்கிச் சுற்றி வந்தார். ஓங்கி ஒரு அறை விட்டார். காளிச்சாமி முகத்தை விலக்கவில்லை, மடியிலிருந்த தலை ஆடக் கூடாது என்பதால். அடித்த கையோடு தொரை குனிந்து சிநேகிதரின் முகத்தைப் பார்த்தார். "பாவுலோஸே, கேக்குதா? கொச்சிக்கா?"

சாருடைய இடது கை காளிச்சாமியின் வேட்டியைப் பிடித்து ஒரு தடவை இழுத்தது. அவரால் அவ்வளவுதான் முடிந்தது.

குறுகலான பாதையில் ஜீப்பைத் திருப்ப ஐந்து தடவை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. ஒரு தடவை பின்சக்கரம் பள்ளத்தின் ஓரத்துக் கல்லைத் தட்டியது. பிறகு இறக்கம்தான். நேரியமங்கலம் பாலம் வருவதற்குள் மூச்சு கொஞ்சம் நேரானது. நேரானதா, அடங்குகிறதா என்று காளிச்சாமிக்குப் புரியவில்லை. மூக்கடியில் விரலை வைத்தபடியே வந்தான். வெப்பம் பட்டால் அவனும் மூச்சு விட்டான். படாவிட்டால் பிடித்துக்கொண்டான்.

கொச்சியில் கப்பல் படை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. இரும்பு அறை என்றால் நிஜமாகவே இரும்பு. படுக்கவைத்த பாய்லர் போல இருந்தது, பக்கவாட்டில் கைப்பிள்ளை முகம் அளவுக்கு வட்டக் கண்ணாடி. சாரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட டாக்டர் வாசலில் நின்று கேட்டார். "கயிறு பிடிச்சது யார்?"

தொரை காளிச்சாமியைக் காட்டினார்.

"எத்தனை ஆழம்?"

"பன்னெண்டு பாகமுங்க." இரண்டு கையையும் அகல விரித்து ஒரு பாகம் எவ்வளவு என்று காட்டினான்.

"எவ்வளவு நேரத்துல மேல கொண்டுவந்தே?"

"கடியாரம் இல்லீங்க."

"அப்படின்னா இழுத்துக் காட்டு. படகுல இழுத்த மாதிரியே. குறைச்சுக் காட்டாதே, குறைச்சா அவருக்குத்தான் கேடு."

அத்தனை பேர் நடுவில் காளிச்சாமி காலை ஊன்றினான். இல்லாத கயிற்றைப் பிடித்தான். முதல் கை மெதுவாகப் போனது, பயத்தில். டாக்டர் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார். அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, மாறி மாறி, பன்னிரண்டு பாகத்தையும் அன்று காலை இழுத்த வேகத்திலேயே இழுத்து முடித்தான். முடித்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இருபது செகண்டு," என்றார் டாக்டர். திட்டவில்லை. உள்ளே இருந்தவர்களிடம் ஏதோ எண் சொன்னார். கதவு மூடியது. காற்று ஏறும் இரைச்சலில் சுவரெல்லாம் அதிர்ந்தது.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து தொரையிடம் சொன்னார். "கால் அசையுது. கை இன்னும் இல்ல. முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது. ஆழத்துக்குக் கொண்டுபோன மாதிரி அழுத்தி வெச்சிருக்கோம். இனி மெள்ள மெள்ளத்தான் மேல கொண்டுவரணும்."

"எவ்வளவு நேரமுங்க?" தரையிலிருந்து காளிச்சாமி கேட்டான்.

"முப்பத்தெட்டு மணி நேரம்."

தொரை அவனைப் பார்க்காமலேயே சொன்னார். "நீ சுவக்கீன்கூட பஸ்ஸுக்குப் போ. பாக்கி அப்புறம் பேசலாம்."

"நான் இங்கயே இருக்கறனுங்க தொரை. போலீஸ் வந்தாலும் இங்கயே வரட்டுங்க."

சுவக்கீன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் பக்கத்தில் விரித்துவிட்டுப் போனான். காளிச்சாமி அதில் உட்காரவில்லை. உள்ளே இரைச்சல் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் விருட்டென்று எழுந்து வட்டக் கண்ணாடியில் முகத்தை வைத்தான்.