கொமுகிக்கு ஒரு கோடு

ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே இவள். பிறகு எதை வைத்து அந்தக் கோட்டை இழுப்பது?

குசுமி பென்சிலைக் கன்னத்தில் ஊன்றியபடி கேமராத் திரையைப் பார்த்திருந்தாள். பென்குயின் குளத்தருகே, சுவரோரமாய்த் தன் வழக்கமான இடத்தில் நின்று இறகு கோதிக்கொண்டிருந்தாள் கொமுகி.

யமகதா மலையடிவாரத்து அந்தச் சிறிய மிருகக்காட்சிசாலையில், வருஷா வருஷம் பனி உருகும் முன் பென்குயின்களின் உறவுப் படத்தை வாசலில் மாட்டுவார்கள். யாருக்கு யார் ஜோடி, யாருக்கு யார்மேல் கண், யார் யாரைப் பிரிந்தது, எல்லாம் அம்புக்குறிகளில். பராமரிப்பாளரான குசுமிதான் வரைவாள். கீழே அவள் பெயர் இருக்கும்.

போன இலையுதிர்காலத்தில், நாலு வருஷம் சேர்ந்திருந்த தைச்சியின் கூட்டைவிட்டு கொமுகி இறங்கி நடந்தாள். அது நேரலையில் ஓடியது. அன்றிலிருந்து திரையோரத்தில் பார்வையாளர்களின் ஏச்சு ஓயவில்லை. 'நல்ல புருஷன் அருமை தெரியல.' தைச்சிக்கு வேறு துணை அமைந்ததும், 'இப்ப தனியா நின்னு அழட்டும்.'

கொமுகி அழவில்லை. நன்றாகச் சாப்பிட்டு நூற்றைம்பது கிராம் ஏறியிருந்தாள்.

காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு விளம்பரப் பிரிவுத் தலைவர் நெமொத்தோ உள்ளே வந்து, படத்தின் மேல் குனிந்தார்.

"தைச்சி குடும்பம் ஜோரா இருக்கே, குசுமி சான்! கொமுகிகிட்டேர்ந்து ஒரு கோட்டையும் காணோமே?"

"யாருக்குப் போடறது?"

"தைச்சிக்குத்தான். புள்ளிக்கோடு, நுனியில ஒரு கண்ணீர்த்துளி. 'இப்போது வருந்துகிறாள்'னு பக்கத்துல எழுதிடுங்க."

"அவ வருந்தலயே. மூணு மாசப் பதிவையும் பாத்துட்டேன்."

"பென்குயின் என்ன, நம்ம மேல கேஸா போடப்போகுது?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "தனியா நிக்கறா. பாக்கறவங்களுக்கு அதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல?"

குசுமியின் கை தன் பெயர்ப்பட்டைக்குப் போயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன், விவாகரத்தானதும், அதில் கணவன் வீட்டுப் பெயர் போய் அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர் திரும்பி வந்தபோது, அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. குரலை மட்டும் தணித்துக்கொண்டார்கள். இதே நெமொத்தோ, நோயாளியைப் பார்க்க வருபவர்போல ஒரு பெட்டி இனிப்பு வாங்கி வந்து, "எல்லாம் சரியாயிடும்" என்றார். நல்ல மனிதர். அவர் சங்கடப்படக் கூடாதே என்று அவளும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு தலை குனிந்தாள். வீட்டுக்குப் போய், தேநீர் போட்டு, சன்னலோரம் கால்நீட்டி அமர்ந்து அந்த இனிப்புகளை ஒவ்வொன்றாக ருசித்துத் தின்றாள். அத்தனை நிம்மதியாக அதற்கு முன் எப்போது சாப்பிட்டாள் என்று நினைவில்லை.

அன்றைக்கு அந்தக் கண்ணீர்த்துளியை அவளே அல்லவா வரைந்து கொடுத்தாள்?

"ஒரே ஒரு கோடுதானே, குசுமி சான்." நீலப் பேனாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார் நெமொத்தோ.

திரையில் கொமுகி உடம்பை உதறி, வாலை இருமுறை ஆட்டிவிட்டு, மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குசுமி பேனாவை எடுத்தாள். மூடியைப் போட்டு மற்றப் பேனாக்களோடு குவளையில் செருகினாள்.

"மன்னிக்கணும், நெமொத்தோ சான். இந்தக் கோட்டை நான் போட மாட்டேன்."